கயிறு பக்கம் மாறிய கதை: ஹோகார்த் படம் ஒன்றைச் செப்புத் தகட்டில் செதுக்கிப் பார்த்தது

நான்காவது முறையாகத் தகடு உருளைகளுக்கு நடுவே போய் வந்ததும், காகிதத்தை ஒரு மூலையில் பிடித்து மெல்ல உரித்தேன். கோடுகள் கறுப்பாக, கூர்மையாக விழுந்திருந்தன. ஐந்து வாரமாக இதற்காகத்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். நகைப் பட்டறை அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு தம்பி. இதுல கதை என்ன?"

சொன்னேன். ஒரே முதலாளியிடம் நெசவு பழகும் இரண்டு பையன்கள். ஒருவன் உழைப்பாளி, கடைசியில் லண்டன் மேயர் ஆகிறான். மற்றவன் சோம்பேறி, கடைசியில் தூக்கில் தொங்குகிறான். ஓரத்தில் செதுக்கியிருப்பது அவரவருக்கு வரப்போகிற முடிவு.

அண்ணன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "அப்ப தூங்குறவன் பக்கம் தங்கச் சங்கிலி கிடக்கு. தறியில உக்காந்து வேலை பாக்குறவன் பக்கம் தூக்குக்கயிறு கிடக்கு. ஏன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்; கூடவே செப்புத் தகட்டில் கை வைக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று அளவுகளையும் செலவுக் கணக்கையும் எழுதி வைக்கிறேன்.

படத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியரும் செதுக்குக்காரருமான வில்லியம் ஹோகார்த் 1747இல் வெளியிட்ட 'உழைப்பும் சோம்பலும்' என்ற 12 படத் தொடரில் முதல் படம் இது. இடம், லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி, பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம். இடது பக்கம் டாம் ஐடில் தறியில் சாய்ந்து தூங்குகிறான். வலது பக்கம் ஃபிரான்சிஸ் குட்சைல்ட் நாடாவை (தறியில் ஊடுநூலை ஓட்டும் கட்டை) கையில் வைத்துக்கொண்டு வேலையே கண்ணாக இருக்கிறான். பெயரிலேயே சோம்பேறி, நல்ல பிள்ளை என்று எழுதி ஒட்டியாயிற்று. வலது ஓரக் கதவில் முதலாளி கம்போடு நிற்கிறார். படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தில், சோம்பேறி பக்கம் சாட்டை, விலங்கு, கயிறு. உழைப்பாளி பக்கம் செங்கோல், வாள், தங்கச் சங்கிலி. கீழே பைபிளின் நீதிமொழிகளிலிருந்து ஆளுக்கொரு வசனம். முதல் படத்திலேயே பன்னிரண்டாவது படம் வரைக்கும் சொல்லிவிடுகிற ஆள்.

இதை ஏன் எடுத்தேன் என்றால், சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஹோகார்த் இந்தத் தொடரைச் சாதாரண ஆட்கள் வாங்கவேண்டும் என்று நினைத்துச் செய்தார். முதலாளிகள் வாங்கித் தங்களிடம் தொழில் பழகும் பையன்களுக்குப் படிப்பினையாக மாட்டி வைக்கலாம். பன்னிரண்டும் சேர்த்து 12 ஷில்லிங், அதாவது படம் ஒன்று ஒரு ஷில்லிங். விலை குறைய வேண்டும் என்றால் வேலையும் குறைய வேண்டும். அதனால் நுணுக்கமான செதுக்கலைத் தவிர்த்துக் கோடுகளைத் தடியாகவே விட்டார். தடிக் கோடு என்றால் என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்குக் கை வரும் என்று கணக்குப் போட்டேன். போட்ட கணக்கு தப்பு. மெல்லிய கோடுகள் நூறு இருந்தால் பத்துப் பிசகினாலும் கூட்டத்தில் மறைந்துவிடும். தடிக் கோடு பத்தே இருந்தால் பிசகு எதுவும் ஒளிய இடம் கிடையாது.

மரக்கட்டையில் செதுக்கலாமா என்றும் முதலில் யோசித்தேன். மலிவு என்று எண்ணம். ஹோகார்த்துக்கே அந்த எண்ணம் வந்திருக்கிறது. 1751இல் வந்த 'கொடுமையின் நான்கு படிகள்' தொடரை ஏழைகளுக்கும் எட்ட வேண்டும் என்று மரக்கட்டையில் செதுக்கச் சொல்லி ஜே. பெல் என்பவரிடம் கொடுத்தார். கடைசி இரண்டு படங்கள் முடிந்ததும், செலவு நினைத்ததைவிட அதிகம் என்று தெரிந்து அதோடு விட்டுவிட்டு, நாலையும் செம்பிலேயே முடித்தார். அதைப் படித்ததும் நானும் மரத்தை விட்டேன்.

அச்சு இயந்திரம் இல்லாததுதான் அடுத்த சிக்கல். செப்புத் தகட்டுப் படத்தில் மை கோட்டுப் பள்ளத்துக்குள் இருக்கும். ஈரக் காகிதத்தை அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கித் தள்ளினால்தான் மை ஏறும். கரண்டியால் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. அப்போதுதான் நகைப் பட்டறை ரோலிங் மிஷின் நினைவுக்கு வந்தது. வெள்ளித் தகட்டை நசுக்கி மெலிய வைக்கிற அந்த இரண்டு எஃகு உருளைகள், கையால் சுற்றுவது. மதுரை தெற்காவணி மூல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளிக் குத்துவிளக்கு, தட்டு, குங்குமச் சிமிழ் எல்லாவற்றிலும் பெயர் வெட்டிக் கொடுப்பவர். உருளையின் அகலம் 5 அங்குலம். அதனால் என் தகட்டின் குறுகலான பக்கம் 10 செ.மீ.க்கு மேல் போக முடியாது. மூலப் படம் சுமார் 35க்கு 26 செ.மீ. அதே விகிதத்தில் சுருக்கி 13.5க்கு 10 செ.மீ. என்று முடிவு செய்தேன். இந்தச் சுருக்கல் எனக்கு வைத்த வினை பிறகு வருகிறது.

ஹோகார்த்தும் வெள்ளிப் பட்டறையிலிருந்து வந்தவர்தான். எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளிச் செதுக்குக்காரரிடம் தொழில் பழகப் போய், பாத்திரங்களில் குலச்சின்னங்களை வெட்டிக்கொண்டிருந்தவர், பழகும் காலம் முடியும் முன்பே வெளியே வந்து 1720இல் தனியாகக் கடை போட்டார். தொழில் பழகும் காலத்தைப் பாதியில் விட்டவர்தான் பிற்பாடு ஒழுங்காகத் தொழில் பழகச் சொல்லிப் பன்னிரண்டு படம் போட்டார் என்பதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் ஊதுகுழல் கீழே விழுந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

1 மி.மீ. தடிமன் செப்புத் தகடு, 30க்கு 15 செ.மீ., சுமார் 400 கிராம், ரூ.520. அதில் ஒன்று வேலைக்கு, மிச்சம் பழகுவதற்கு. ஓரங்களை 45 பாகைக்கு அரத்தால் சரித்து ராவ வேண்டும் என்று படித்திருந்தும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். முதல் அச்சிலேயே ஓரம் காகிதத்தைக் கத்தி மாதிரி வெட்டிவிட்டது. பிறகு 400, 800, 1200, 2000 என்று எமரி தாளால் வரிசையாகத் தேய்த்தேன், கடைசியில் பிராசோ. முகம் தெரியும் அளவுக்கு மினுங்க வேண்டும். மினுங்காத இடமெல்லாம் மையைப் பிடித்துக்கொண்டு படத்தில் அழுக்காகத் தெரியும்.

அடுத்தது மெழுகுப் பூச்சு. ஹோகார்த் காலத்து வழக்கப்படி, தகட்டில் மெழுகுப் பூச்சு தடவி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்ன விடுவது முதல் படி. பிறகு கையால் தள்ளும் உளியால் கோடுகளைக் கூர்மையாக்குவது இரண்டாம் படி. பூச்சுக்குத் தேன்மெழுகு இரண்டு பங்கு, ஆஸ்ஃபால்டம் இரண்டு பங்கு, ரோசின் (பைன் மரப் பிசின்) ஒரு பங்கு. ஆஸ்ஃபால்டமும் தாரும் ஒன்றுதானே என்று மொட்டை மாடிக்கு ஒழுகல் அடைக்க வாங்கிய தாரைப் போட்டேன். மூன்று நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. ஊசியை வைத்தால் சூயிங் கம் மாதிரி இழுபட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டு, ஆஸ்ஃபால்டம் பொடியாகவே வரவழைத்தேன்.

தகட்டைச் சூடு பண்ணத் தோசைக்கல்லைப் பயன்படுத்தினேன். சிறு தீயில் கல்லை வைத்து, அதன்மேல் தகட்டை வைத்து, பூச்சு உருண்டையைத் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி உருகிப் பரவும். அதை மெல்லிய படலமாகத் தட்டிவிட்டு, தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து மெழுகுவர்த்திப் புகையைக் காட்டினால் பூச்சு கன்னங்கரேலென்று ஆகும். அப்போதுதான் ஊசி கீறிய இடம் செம்பாகப் பளிச்சென்று தெரியும். புகை காட்டுவதும் பழைய முறைதான். வீட்டில் அந்தக் கல்லுக்கு இனிமேல் தோசை கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது. புதுக்கல் ரூ.650, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது அந்தத் தவறு நடந்த இடம்.

தகட்டில் இருப்பது காகிதத்தில் இடவலம் மாறி விழும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் ஐடிலின் தறிமேல் இருக்கும் பெரிய பீர் குவளையில் எழுதியிருக்கும் 'ஸ்பிட்டில் ஃபீல்ட்ஸ்' என்ற எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, திருப்பி, விளக்கில் காட்டி, கண்ணாடியில் சரிபார்த்து, அரை மணி நேரம் செலவழித்து மாற்றி எழுதினேன். அந்தப் பெருமையில் படத்தை மறந்துவிட்டேன். அருங்காட்சியகத் தளத்திலிருந்து இறக்கிய படத்தைச் சிறிதாக அச்செடுத்து, பின்புறம் சாக்பீஸ் தடவி, தகட்டின்மேல் நேராக வைத்து, மேலிருந்து ஊசியால் இழுத்தேன். வரைபடத்தைக் குப்புற வைத்து உருளையில் ஒருமுறை விட்டு எடுத்திருந்தால், கோடுகள் தாமாகவே திரும்பிப் பூச்சில் ஒட்டியிருக்கும். பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள். நான் நேராக வைத்து இழுத்ததால் படம் நேராகத் தகட்டில் ஏறியது. எழுத்து மட்டும் திரும்பி ஏறியது.

அமிலத்துக்கு ஃபெரிக் குளோரைடு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு செய்ய விற்பது. 500 கிராம் ரூ.240. ஹோகார்த் காலத்தில் நைட்ரிக் அமிலம். அண்ணனிடம் அதுவும் இருக்கிறது, அவர்கள் திராவகம் என்பார்கள். அதன் புகை எனக்கு ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். பொடிமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்ணாடி எல்லாம் அவசியம். தகட்டைக் குப்புறத் தொங்கவிட்டால், கரையும் செம்பின் வண்டல் கோட்டுக்குள் தங்காமல் கீழே உதிரும். அமிலம் கடித்த பிறகு மிஞ்சும் கரைசலைக் கழிவுநீரில் ஊற்றாதீர்கள். செம்பு கலந்த நீர் அது. சலவைச் சோடா போட்டு அடங்க விட்டு, வண்டலைத் தனியாக வைத்திருக்கிறேன்.

நேரம்தான் ஏமாற்றியது. முதல் சோதனைத் துண்டை 40 நிமிடம் வைத்தேன். ஏப்ரல் மாத மதுரை. கரைசலே வெந்நீர் மாதிரி இருந்தது. சூட்டில் அமிலம் வேகமாகக் கடிக்கும். நெருக்கமாக இழுத்த நிழல்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து பெரிய பள்ளமாகிவிட்டன. பள்ளம் அகலமானால் கறுப்பு கூடும் என்று நினைப்போம். நடுவில் மை நிற்காமல் துடைக்கும்போதே வந்துவிடும். ஓரம் மட்டும் கறுத்து, நடு வெளுத்துப்போகும். இதற்கு இன்னொரு காரணம் அந்தச் சுருக்கல். 35 செ.மீ. படத்தை 13.5க்குக் கொண்டுவந்தால் கோடுகளின் இடைவெளியும் அதே அளவு சுருங்கும். கடைசியில் ஒன்று விட்டு ஒன்றாகக் கோடுகளைக் கைவிட்டேன். நல்ல தகட்டுக்கு மூன்று தவணை வைத்தேன்: முதலில் 12 நிமிடம், வெளிச்சமான இடங்களை நெயில் பாலிஷால் அடைத்துவிட்டு இன்னும் 10, தறிக்குக் கீழே உள்ள இருட்டுக்கு மட்டும் மேலும் 15. மொத்தம் 37 நிமிடம்.

கீறிக்கொண்டிருந்த ஒன்பது இரவுகள்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படத்தை நூறு முறை பார்த்திருந்தாலும், ஊசியோடு பார்க்கும்போதுதான் ஹோகார்த் பொருள்களைச் சோடி சோடியாக வைத்திருப்பது தெரிந்தது. தொழில் பழகுவோருக்கான கையேடு இரண்டு பக்கமும் உண்டு. உழைப்பாளியிடம் அது முழுசாக இருக்கிறது, சோம்பேறியுடையது கிழிந்து கிடக்கிறது. ஐடில் தலைக்கு மேல், கதைகளில் வரும் திருடி 'மால் ஃபிளாண்டர்ஸ்' பற்றிய பாட்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. குட்சைல்ட் பின்னால், ஏழைப் பையனாக வந்து லண்டன் மேயரான விட்டிங்டனின் கதைத் தாள். ஐடிலின் புகைக்குழாய் தறியில் செருகியிருக்கிறது, அவன் விட்ட நாடாவைப் பூனை உருட்டி விளையாடுகிறது. கணக்குப் புத்தகத்தின் வரவு பக்கம், செலவு பக்கம் மாதிரி. முழுப் புத்தகத்தைக் கீற எனக்கு இருபது நிமிடம் ஆனது. கிழிந்த புத்தகத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பூனை, குவளை, கலைந்த தலை, வாய் பிளந்த தூக்கம். படத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை அந்தச் சோம்பேறிதான் வாங்கிக்கொண்டான். குட்சைல்டைச் செதுக்குவது அலுப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹோகார்த்துக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். எட்டாவது படத்தில் குட்சைல்ட் பெரிய பதவிக்கு வந்து விருந்து வைக்கும்போது, பார்க்கிறவன் கண் அவனிடம் போகாது, வாய் கொள்ளாமல் அள்ளித் திணிக்கிற விருந்தாளிகளிடம்தான் போகும்.

முதல் அச்சு எடுத்தபோது கம்பளி போடாமல் காகிதத்தை மட்டும் வைத்து உருளையை இறுக்கிவிட்டேன். தகடு அப்பளம் மாதிரி சுருண்டு வெளியே வந்தது. நீளம் 13.6 செ.மீ. ஆகியிருந்தது. அந்த மிஷினின் வேலையே அதுதானே, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினோம். பிறகு தகடு, ஈரக் காகிதம், மை உருளையில் ஒட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள், 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட் என்று அடுக்கி, பிடியை இரண்டு சுற்றுத் தளர்த்தியதும் சரியாக வந்தது. பருத்திக் காகிதத்தை 40 நிமிடம் ஊற வைத்து, துண்டுக்கு நடுவே வைத்து ஒற்ற வேண்டும். மேலே தண்ணீர் மினுக்கம் தெரிந்தால் இன்னும் ஈரம் அதிகம்.

மைக்கு முதலில் ஆஃப்செட் அச்சகத்திலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தேன். இளக்கமாக இருந்ததால் சாக்பீஸ் பொடி கலந்தேன். பொடியில் இருந்த மணல் தகட்டைக் கீறிவிட்டது; ஐடிலின் சட்டைமேல் மழை பெய்கிற மாதிரி மெல்லிய கோடுகள், இன்னும் இருக்கின்றன. ரூ.980 கொடுத்து எட்சிங் மையே வாங்கினேன். துடைக்க, கஞ்சி போட்டு மொடமொடவென்று காய வைத்த பழைய மல் வேட்டித் துணி. இந்த வேலைக்கென்று வெளிநாட்டில் விற்கும் துணியும் கஞ்சி போட்ட மல் துணிதான். மெத்தென்ற துணி பள்ளத்துக்குள் இருக்கும் மையையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

முதல் அச்சை உரித்ததும் என் கண் நேரே குவளைக்குத்தான் போனது. எழுத்து சரியாக இருந்தது. அப்பாடா என்றேன். எழுத்து சரி என்றால் எல்லாம் சரி என்று மனசு முடிவு கட்டிவிட்டது. ஐடில் இப்போது வலது பக்கம் தூங்குகிறான், முதலாளி இடது பக்கத்திலிருந்து வருகிறார் என்பது கண்ணில் படவே இல்லை.

அந்த நம்பிக்கையில் இரண்டாம் படிக்குப் போனேன், உளி வேலை. உளியை அண்ணன் இரவல் கொடுத்தார். குமிழ்ப்பிடி உள்ளங்கையில் உட்கார, முனையைத் தட்டையாகச் சாய்த்துத் தள்ள வேண்டும். "உளியத் திருப்பாதீங்க தம்பி, தகட்டத் திருப்புங்க" என்றார். மணல் அடைத்த தோல் பைமேல் தகட்டை வைத்து அதைச் சுழற்றினால்தான் வளைவு வரும். இரண்டு இரவு துண்டுத் தகட்டில் பழகினேன். வழுக்கிப் போன கீறல்கள் எண்ணிக்கையில்லை. முனை மழுங்கினால் வழுக்கும். நகத்தின்மேல் வைத்துப் பார்த்தால் கூர் உள்ள உளி நிற்கும், மழுங்கியது சறுக்கும்.

உளியால் நிழல்களை ஆழப்படுத்தியபின், சட்டத்தின் சின்னங்களைச் செதுக்கினேன். அமிலத்துக்குப் போகும்போது இவற்றை விட்டுவிட்டிருந்தேன், உளியிலேயே செய்யலாம் என்று. இந்த முறை கவனமாக இருந்தேன். மூலத்தில் கயிறு இடப்பக்கம், ஆகவே தகட்டில் வலப்பக்கம். சங்கிலி மூலத்தில் வலம், தகட்டில் இடம். முறைப்படி திருப்பிப் போட்டேன். படம் திரும்பாதது, சட்டம் திரும்பியது. அச்சில் படம் இடவலம் மாறியது, சட்டம் சரியாக விழுந்தது. தூக்குக்கயிறு உழைப்பாளிக்கும் தங்கச் சங்கிலி தூங்குமூஞ்சிக்கும் போய்ச் சேர்ந்தன. அண்ணன் ஒரு நொடியில் பார்த்ததை நான் இரண்டு வாரமாகப் பார்க்கவில்லை.

பிற்பாடு யோசித்தால் இது ரொம்பப் பழைய தப்பு. ஹோகார்த்தின் 'வேசியின் பயணம்' 1732இல் வந்து ஓகோவென்று விற்றதும் திருட்டுப் பிரதிகள் குவிந்தன. திருட்டுப் பிரதி செய்பவன் அசலை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தது பார்த்தபடி தகட்டில் செதுக்குவான். அச்சு இடவலம் மாறி விழும். அந்தக் காலத்துத் திருட்டுப் படங்கள் பலவும் இப்படித் திரும்பியே கிடக்கும். ஹோகார்த் மற்ற செதுக்குக்காரர்களோடு சேர்ந்து பாராளுமன்றத்துக்குப் போய், 14 வருட உரிமை தரும் சட்டத்தை வாங்கினார். அது 1735 ஜூன் 25இல் நடைமுறைக்கு வரும்வரை அடுத்த தொடரான 'ஊதாரியின் பயண'த்தை வெளியிடாமல் நிறுத்தி வைத்தார். அதற்குள் சிலர் ஆள் அனுப்பி அவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வரச் செய்து, நினைவிலிருந்தே செதுக்கி விற்றதும் நடந்தது. 'உழைப்பும் சோம்பலும்' படங்களின் அடியில் பாராளுமன்றச் சட்டப்படி வெளியிட்டது, 1747 செப்டம்பர் 30 என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான் செதுக்கவில்லை.

திருத்துவது எப்படி? செம்பில் அழிக்க முடியும், நேரம்தான் வேண்டும். ஹோகார்த்தே 1763இல், 28 வருடம் கழித்து, ஊதாரி தொடரின் கடைசித் தகட்டை எடுத்து, பைத்தியக்கார விடுதிச் சுவரில் பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் சின்னம்) உருவம் போட்ட காசு ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார். நான் முழுப் படத்தையும் திருப்ப முடியாது, சட்டத்து ஆறு சின்னங்களைத்தான் இடம் மாற்ற முடியும். முக்கோண அரத்தைச் சாணை பிடித்துச் செய்த சுரண்டியால் கோட்டை மட்டம் வரும்வரை சுரண்டினேன். பிறகு எண்ணெய் விட்டு, வழவழப்பான எஃகுத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்தேன். சுரண்டிய இடம் குழிவாகிவிடும் என்பதால், காலிப்பரால் பின்பக்கத்தில் அதே இடத்தைக் குறித்து, பின்னாலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டி மேலே எழுப்ப வேண்டும். தட்டும் வேலையை அண்ணன் செய்தார், என் கையை நம்பவில்லை. இரண்டு இரவு. சாட்டையும் விலங்கும் நன்றாக அழிந்தன. கயிறு ஆழமாகச் செதுக்கியது; தங்கச் சங்கிலியைப் புதிதாகச் செதுக்கிய இடத்தில் இன்னமும் வளையமாக மங்கலாகத் தெரிகிறது.

ஆக, கிடைத்தது திரும்பிய படம், திரும்பிய சட்டம், நேரான எழுத்து. ஆட்கள் எல்லாரும் இடக்கைக்காரர்கள். கதை மட்டும் பொருந்திவிட்டது.

செலவு: தகடு 520, அமிலம் 240, பூச்சுச் சாமான் 610, எமரியும் பிராசோவும் 180, தேய்ப்பான் 350, சுரண்டிக்கு அரம் 90, காகிதம் 650, ஃபெல்ட் 300, மை 980. மொத்தம் ரூ.3,920. தேறிய அச்சு 14: திருத்துவதற்கு முன் 5, பின் 9. ஒன்றுக்கு ரூ.280 விழுகிறது, கூலி சேர்க்காமல். மிஷினுக்கு அண்ணன் காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாகத் திருத்தாத அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திருத்தியதைத்தான் நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார். அது இப்போது பட்டறையில் காலண்டருக்குப் பக்கத்தில், அவரிடம் வேலை பழகும் இரண்டு பையன்களுக்கு எதிரே ஒட்டியிருக்கிறது. எந்தப் பையனை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார் என்று கேட்டேன்; வேலையைப் பாருங்க தம்பி என்றார்.

அடுத்த முறை சுருக்கமாட்டேன். முழுப் படத்துக்கு ஆசைப்படாமல், ஒரு மூலையை மட்டும் அசல் அளவிலேயே எடுப்பேன். வெயில் காலத்தில் அமிலத் தட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைப்பேன். எழுத்து உள்ள படமாக இருந்தால் எழுத்தையும் படத்தையும் ஒரே தாளில் வரைந்து, ஒரே தடவையில், குப்புற.

மூலையும் முடிவாகிவிட்டது. அதே தொடரின் பத்தாவது படம். மாஜிஸ்திரேட் ஆகிவிட்ட குட்சைல்ட் முன்னால் ஐடிலைக் கைதியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த ஒற்றைக்கண் கூட்டாளி சத்தியம் செய்கிறான், இடக்கையால். சத்தியம் செய்து வைக்கிற ஊழியர் ஒரு பெண்ணிடம் லஞ்சம் வாங்குவதிலேயே குறியாக இருப்பதால் அதைக் கவனிக்கவில்லை. குட்சைல்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். அந்தக் கையும் புத்தகமும் லஞ்சமும் மட்டும் 10க்கு 8 செ.மீ.க்குள் அடங்கும். மேசை விளிம்பில் 60 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். இந்த முறையும் நேராக இழுத்துவிட்டால் பொய்ச்சாட்சி வலக்கையால் சத்தியம் செய்துவிட்டு யோக்கியனாகப் போய்விடுவான்.